காத்தப் பார்த்துட்டு கிளம்புங்க: கடலோரப் பாதை கேள்வி பதில்

போன இதழ்ல நம்ம ராமநாதபுரம் கடற்கரைப் பக்கம் நடக்கிறதுக்கும் சைக்கிள் விடுறதுக்கும் எந்தப் பாதை எப்படி இருக்குன்னு கேள்வி அனுப்பச் சொல்லியிருந்தோம். வந்த கடிதத்துல தனுஷ்கோடி தான் ஜாஸ்தி, ஆனா தொண்டியில இருந்து சாயல்குடி வரைக்கும் ஊர் ஊரா எழுதியிருக்கீங்க, படிக்கப் படிக்க அவ்வளவு சந்தோஷமா இருந்துச்சு. முதல்லயே ஒண்ணு சொல்லிடறேன். மலைப்பக்கம் மாதிரி அம்புக்குறி போட்டு, தூரம் எழுதி, கைப்பிடி கட்டி வச்ச பாதையெல்லாம் இங்க தேடாதீங்க. வலை தூக்கிட்டுப் போறவங்க, பனையேறுறவங்க, உப்பளத்துக்கு வேலைக்குப் போறவங்க, சேதுவுக்குத் தீர்த்தமாடப் போறவங்க, இவங்க நடந்து நடந்து உண்டான பாதை தான் நம்ம பாதை. அதுனால ஒரு மாசம் இருந்த மாதிரி அடுத்த மாசம் இருக்காது, காத்து மாறினா பாதையும் மாறிடும்.

கேள்வி: அண்ணே, நாங்க பசங்களா சேர்ந்து ஆடி மாசம் மண்டபத்துல இருந்து அரிச்சல்முனை வரைக்கும் சைக்கிள்ல போகலாம்னு பிளான் போட்டிருக்கோம். ரோடு சூப்பரா இருக்கிற மாதிரி வீடியோல தெரியுது. கியர் சைக்கிள் வேணுமா, சாதா சைக்கிளே போதுமா?
- கல்லூரி மாணவர், பரமக்குடி

தம்பி, சைக்கிள் எதுன்னாலும் பரவாயில்ல, ஏன்னா மேடுன்னு சொல்லப்போனா பாம்பன் பாலத்தோட நடுப்பகுதி மட்டும் தான், மத்ததெல்லாம் சமதரை. மாத்த வேண்டியது சைக்கிள இல்ல, மாசத்த. ஆடியில கச்சான் காத்து முழு வேகத்துல அடிக்கும். நீங்க பார்த்த வீடியோவுல கடல் அமைதியா இருந்தா அது அனேகமா தை மாசியில எடுத்ததா இருக்கும்.

கொஞ்சம் விவரமா சொல்றேன், ஏன்னா இது தெரியாமப் போயி பாதியில திரும்புற பசங்க நெறைய. முகுந்தராயர் சத்திரத்துல இருந்து அரிச்சல்முனை வரைக்கும் உள்ள ரோடு ஒன்பதரை கிலோமீட்டர், 2017 ஜூலையில தான் திறந்தாங்க, அதுக்கு முன்னாடி மணல்லயும் தண்ணியிலயும் ஜீப்பும் வேனும் தான் தட்டுத்தடுமாறிப் போகும். அந்த ரோடு தென்கிழக்கா நீண்டு போகுது. கச்சான் தென்மேற்குல இருந்து வரும். அப்ப போகும்போது உங்க வலது விலாவுலயும் திரும்பும்போது இடது விலாவுலயும் தான் அடிக்கும், வாடைக்காத்து நேரத்துலயும் அதே கதை தான், பக்கம் மட்டும் மாறும். எதிர்காத்துன்னா மெதுவா மிதிச்சாப் போதும், பக்கக்காத்து அப்படி இல்ல, அது சைக்கிளையே தள்ளும். அதுலயும் ஒரு வேன் உங்கள ஒட்டி ஓவர்டேக் பண்ணுதுன்னு வைங்க, அந்த வேன் காத்த மறைக்கிற ஒரு நொடி நீங்க காத்துக்கு சாஞ்ச பக்கமா வேன் மேல போவீங்க, வேன் தாண்டின உடனே காத்து திரும்ப டமார்னு வந்து அறையும். பெரிய வண்டி பின்னாடி வர்ற சத்தம் கேட்டா கௌரவம் பார்க்காம ஓரமா நின்னுடுங்க.

அடுத்தது மணல். காத்து மணல அள்ளிக் கொண்டாந்து ரோட்டு மேல போடும். மெல்லிசா பரவிக் கெடந்தா ஹேண்டில நேரா வச்சு பிரேக் புடிக்காம உருண்டு போயிடலாம், திட்டா இருந்தா எறங்கித் தள்ளுங்க. முன்பிரேக்க மட்டும் தொடவே கூடாது. கடல் ரொம்பக் கொந்தளிச்சா அலை ஓரத்துக் கல்லைத் தாண்டி ரோட்டு மேலயே வரும், அந்த மாதிரி நாள்ல போலீஸ்காரங்களே திருப்பி அனுப்பிடுவாங்க, அவங்ககிட்ட வாக்குவாதம் பண்ணாதீங்க. சாயங்காலமும் இருட்டுறதுக்கு முன்னாடி எல்லாரையும் வெளிய அனுப்பிடுவாங்க. மண்டபத்துல இருந்து போக மட்டும் சுமாரா 40 கிலோமீட்டர்னு வச்சுக்கங்க, திரும்பவும் அதே தூரம் இருக்கு, அதனால விடியறதுக்கு முன்னயே வெள்ளன கிளம்பணும். சத்திரம் தாண்டினா ஒரு மரத்து நிழல் கூட கெடையாது. பழைய ஊர்ப் பக்கம் சின்னச் சின்னக் கடை இருக்கும், ஆனா அதை நம்பி தண்ணி இல்லாமப் போகாதீங்க.

பாலத்தப் பத்தியும் சொல்லணும். 1988 அக்டோபர் 2-ல திறந்த ரோட்டுப் பாலம், 2 கிலோமீட்டருக்கு மேல நீளம், அகலம் அன்னைக்கு உள்ள வண்டிக்குப் போதுமானது, இன்னைக்கு உள்ள கூட்டத்துக்கு இல்ல. 2025 ஏப்ரல்ல புது ரயில் பாலம் திறந்ததுல இருந்து வேடிக்க பாக்குறதுக்கு வண்டிய அப்படியே நிறுத்துறது இன்னும் கூடிப்போச்சு. நின்ன காரோட கதவு எப்ப திறக்கும்னு தெரியாது, அதுனால ஒரு கை தூரம் தள்ளி ஓட்டுங்க, பாலத்துல இரும்பு ஜாயின்ட் வர்ற எடத்துல சக்கரத்த நேரா ஏத்துங்க. ஞாயித்துக்கிழமை வேண்டாம். வார நாள்ல விடியக்காலையில பாலத்தத் தாண்டிட்டீங்கன்னா அதை விட அழகான சைக்கிள் ரோடு நம்ம ஜில்லாவுல கெடையாது.

தை கடைசியில இருந்து பங்குனிக்குள்ள போங்க. இன்னொன்னு, பழைய தனுஷ்கோடியில சர்ச்சு, ஸ்டேஷன் இடிபாடு பக்கம் சைக்கிள உருட்டிக்கிட்டே போங்க. 1964 டிசம்பர் 22 ராத்திரி அடிச்ச புயல்ல அங்க போன உசுருங்களுக்கு நாம காட்டுற மரியாதை அது. அரிச்சல்முனையில யாரும் கடல்ல எறங்கக் கூடாது, ரெண்டு கடலும் சேர்ற எடம், இழுவை எப்படி இருக்கும்னு அங்க உள்ள மீனவங்களைக் கேளுங்க.

கேள்வி: தண்ணி வத்துற நேரத்துல மண்டபம் பக்கம் கரையில இருந்து தீவுக்கே நடந்து போயிடலாம்னு ஒருத்தர் சொன்னாரு. உண்மையா சார்?
- வாசகர், மதுரை

போகக் கூடாது சார். மன்னார் வளைகுடாவுல உள்ள 21 தீவும் 1986-ல கடல்சார் தேசியப் பூங்காவா அறிவிச்ச பகுதி, அனுமதி இல்லாம கால் வச்சா வனத்துறை கேஸ் போடும். ஆழம் கம்மியா தெரியுற எடத்துல கூட காலுக்குக் கீழ இருக்கிறது பவளமும் கடல்புல்லும், நாம மிதிச்ச எடம் திரும்ப வளர வருஷக்கணக்காகும். தீவப் பாக்கணும்னு ஆசையா இருந்தா குருசடைத் தீவுப் பக்கம் வனத்துறை படகு விடுறாங்களான்னு விசாரிச்சுட்டு முறையா போங்க.

கேள்வி: டாக்டர் தினமும் நடக்கச் சொல்லியிருக்காங்க. நானும் எங்க ராத்தாவும் சுபுஹு தொழுதுட்டு கடற்கரைப் பக்கம் நடக்கப் போறோம். மணல்ல நடந்தா முட்டி வலி கூடுது, நாய்த் தொல்லை வேற, சில எடத்துல கழிவுத்தண்ணி ஓடி வருது. வாப்பா மாடியிலயே நடன்னு சொல்றாங்க. என்ன செய்யட்டும்?
- வாசகி, கீழக்கரை

மாடியில நடக்காதீங்கம்மா. வாப்பா பயப்படுறது பாசத்துல தான், ஆனா கடல் ஓரத்துல பொறந்துட்டு மாடியில சுத்திச் சுத்தி வர்றது என்ன நியாயம். எப்படி நடக்குறதுன்னு தெரிஞ்சுகிட்டா போதும்.

முட்டி வலிக்குக் காரணம் ரெண்டு. காஞ்ச மணல்ல கால் புதையுறது ஒண்ணு. இன்னொன்னு யாரும் கவனிக்கிறதில்ல, கரை கடலப் பாத்து சரிஞ்சு இருக்கும், ஒரே பக்கமா போனா ஒரு கால் மேடுலயும் ஒரு கால் பள்ளத்துலயும் போடுற மாதிரி ஆயிடும், இடுப்புலயும் ஒரு பக்கம் வலிக்கும். அதுனால தண்ணி இப்ப தான் வந்துட்டுப் போன ஈர மணல்ல, சரிவு கம்மியா உள்ள எடமா பார்த்து, போன அதே கரையில திரும்பி வர்ற மாதிரி நடங்க, ரெண்டு காலுக்கும் வேலை சமமாயிடும். கச்சான் அடிக்கிற மாசத்துல உங்க பக்கக் கடல் கரைய அரிச்சு சரிவு கூடிப்போயிருக்கும், அந்த மாசம் தெருவுலயோ ரோட்டோரத்துலயோ நடங்க, வாடைக்காத்து நேரத்துல திரும்பக் கரைக்கு வாங்க. வெறுங்கால் வேண்டவே வேண்டாம், கழிவுத்தண்ணி மட்டும் இல்ல, தூண்டில் முள்ளு, வலைத்துண்டு, கண்ணாடிச் சில்லு எல்லாம் மணலுக்குள்ள கெடக்கும். பின்பக்கம் வார் வச்ச செருப்பு போதும், ஷூ தான் வேணும்னு இல்ல.

நாய் பெரும்பாலும் மீன் எறக்குற எடத்தையும் கருவாடு காயப்போடுற எடத்தையும் சுத்தி தான் இருக்கும். அந்த எடத்த சுத்திப் போங்க, ஓடாதீங்க, ஒரு குச்சி கையில இருந்தா போதும், வீச வேண்டியதில்ல. ரெண்டு பேர் நாலு பேராகட்டும், தெருவுல உள்ள மத்த பொம்பளைங்களையும் கூப்புடுங்க. அஞ்சாறு பொம்பளைங்க தினம் நடக்குற கரைன்னா அங்க குப்பை கொட்டுறவங்களும் யோசிப்பாங்க, கழிவுத்தண்ணியப் பத்தி நகராட்சியில சேர்ந்து எழுதிக் கொடுக்கவும் ஆள் இருக்கும்.

கேள்வி: ஐயா, எங்க தாத்தா காலத்துல உப்பூர்ல இருந்து கடல் ஓரமாவே தேவிபட்டினம், அங்கருந்து சேதுக்கரை வரைக்கும் நடந்தே போவாங்களாம். நான் போன வருஷம் அந்தப் பாதையில கொஞ்ச தூரமாவது நடக்கலாம்னு போனேன். ஒரு எடத்துல சீமக்கருவை மூடிப்போச்சு, ஒரு எடத்துல வேலி போட்டு இறால் பண்ணை, ஒரு எடத்துல ஓடையில எறங்கி முழங்கால் வரைக்கும் உளையில மாட்டிக்கிட்டேன். இந்தப் பாதையெல்லாம் அவ்வளவு தானா?
- வாசகர், திருப்பாலைக்குடி

ஐயா, உங்க கடிதத்த ரெண்டு மூணு தடவ படிச்சேன். அவ்வளவு தான்னு சொல்ல எனக்கு மனசு வரல, அப்படி விட்டுடவும் கூடாது.

நீங்க சொல்றது சும்மா ஒரு ஒத்தையடிப் பாதை இல்ல. சேது யாத்திரை போறவங்க உப்பூர் வெயிலுகந்த விநாயகரக் கும்புட்டு, தேவிபட்டினத்துல கடலுக்குள்ள இருக்கிற நவபாஷாணத்தச் சுத்தி, திருப்புல்லாணி பெருமாளச் சேவிச்சு, சேதுக்கரையில முழுகி, அப்புறம் தான் ராமேஸ்வரம் போவாங்க. அப்படிப் போறவங்களுக்காகவே சேதுபதி மன்னருங்க வழி நெடுக சத்திரம் கட்டி வச்சாங்க, இன்னைக்கும் ஊர்ப் பேர்லயே சத்திரம் ஒட்டிக்கிட்டு இருக்கு. ரயிலும் பஸ்ஸும் வந்தப்புறம் நடக்குறவங்க கொறஞ்சாங்க, கிழக்குக் கடற்கரைச் சாலை வந்தப்புறம் மிச்சம் உள்ளவங்களும் தார் ரோட்டுக்கு ஏறிட்டாங்க. நடக்க ஆள் இல்லாத பாதைய கருவை ரெண்டு மூணு மழையிலயே மூடிடும். ஆடு மாடு அந்தக் காயைத் தின்னுட்டு சாணியில விதையப் போடும், அது பாதையோரத்துல தான் ஜாஸ்தி விழும், ஏன்னா ஆடு போறதும் அதே பாதை தான்.

செய்யக்கூடியது சிலது இருக்கு. முதல்ல அந்தப் பாதை காகிதத்துல இருக்கான்னு பாருங்க. பழைய கிராம வரைபடத்துலயும் புல வரைபடத்துலயும் வண்டிப்பாதை, நடைபாதை எல்லாம் குறிச்சிருப்பாங்க, பாதைப் புறம்போக்குன்னு தனி சர்வே நம்பரே கூட இருக்கலாம். வி.ஏ.ஓ. ஆபீஸ்ல கேளுங்க, சர்வே நம்பர் கெடைச்சா ஆன்லைன்ல கூட வரைபடத்த எடுத்துடலாம். அப்படி குறிச்ச பாதை மேல யாரு வேலி போட்டிருந்தாலும் அது ஆக்கிரமிப்பு தான், சண்டைக்குப் போகாம அந்தக் காகிதத்தோட தாசில்தாருக்கு மனு கொடுங்க. கூடவே கிராம சபையில பேசுங்க. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 இந்த நாள்ல கூடுற சபையில ஊர்க்காரர் யாரு வேணும்னாலும் எந்திரிச்சுப் பேசலாம், இன்ன ஊர்ல இருந்து இன்ன ஊர் வரைக்கும் உள்ள நடைபாதைய மீட்டு சுத்தம் பண்ணணும்னு தீர்மானம் போட வைங்க. தீர்மான நகல கையில வாங்காம வீட்டுக்குப் போகாதீங்க.

கருவைய எடுக்குறதுல ஒரு விஷயம். வெட்டினா போதும்னு நெனைக்கிறாங்க, வெட்டினா அடுத்த மழைக்கு அதே தூர்ல இருந்து முன்ன விட ஜாஸ்தி கிளை அடிச்சு வரும், அதுல உள்ள முள்ளு இன்னும் மோசம். வேரோட தோண்டணும். நம்ம பக்கம் கரிமூட்டம் போடுறவங்க எல்லா ஊர்லயும் இருக்காங்க, அவங்களுக்கு தூர்க்கட்டை தான் நல்ல கரிக்கு ஆகும், பாதையோரத்து மரத்த தூரோட எடுத்துக்கச் சொல்லிப் பேசினா ஊருக்கும் செலவு கம்மி அவங்களுக்கும் பொழப்பு. எடுத்த கையோட அந்த எடத்துல பனங்கொட்டைய ஊனி வைங்க, பனை வர்ற வரைக்கும் வருஷம் ஆகும், ஆனா பாதை இது தான்னு நம்ம பேரப்புள்ளைங்களுக்கும் அடையாளம் நிக்கும்.

ஓடையில எறங்கினது தான் எனக்குக் கவலையா இருந்துச்சு. முகத்துவாரம் எதுலயும் தனியா எறங்காதீங்க. மேல காஞ்சு வெடிச்சுக் கெடக்கும், கீழ இடுப்பளவு உளை இருக்கும். அந்த ஊர் மீனவங்க எந்த எடத்துல தாண்டுறாங்களோ அந்த எடத்துல மட்டும் தாண்டுங்க, இல்லன்னா ரோட்டுக்கு ஏறி பாலம் வழியா சுத்திப் போங்க, நேரம் ஆனா ஆகட்டும். வடகிழக்கு மழை காலத்துல, அதாவது ஐப்பசி கார்த்திகையில, இந்தப் பாதையில போகவே வேண்டாம்.

உங்க ஊர்ல இருந்து தேவிபட்டினம் வரைக்கும் உள்ள துண்டு மட்டும் முதல்ல மீட்டாலே பெரிய காரியம். ஆரம்பிச்சுட்டு எழுதுங்க, இந்தப் பக்கத்துல போடுறோம்.

கேள்வி: பௌர்ணமி ராத்திரி தனுஷ்கோடி கரையில டார்ச் அடிச்சுகிட்டு குரூப்பா நடக்கலாம்னு ஆசை. பங்குனி பௌர்ணமி சரியா இருக்குமா?
- வாசகர், திருச்சி

அங்க ராத்திரி அனுமதி கெடையாதுங்க. அனுமதி உள்ள வேற கரையா இருந்தாலும் தையில இருந்து சித்திரை வரைக்கும் டார்ச்சோட ராத்திரியில நடக்க வேண்டாம்னு தான் சொல்லுவேன். பங்குனி ஆமைன்னு சொல்ற கடலாமை முட்டை போட கரையேறுற காலம் அது. வெளிச்சமும் ஆள் நடமாட்டமும் பாத்தா முட்டை போடாமலே திரும்பிடும், குஞ்சு பொரிச்சு வர்றதும் கடல் பக்கம் போகாம வெளிச்சத்தப் பாத்து எதிர்ப்பக்கம் போயிடும். விடியக்காலையில நடங்க. கரையில ஆமை ஏறி எறங்கின தடத்தப் பாத்தா அதை மிதிக்காம வனத்துறைக்குத் தகவல் சொல்லுங்க, அவங்க முட்டைய எடுத்து பொரிப்பகத்துல வச்சு காப்பாத்துவாங்க.

கேள்வி: எட்டாம் வகுப்பு பிள்ளைகளை ஒரு நாள் இயற்கை நடைக்குக் கூட்டிப்போக வேண்டும். காரங்காடு அலையாத்திக் காடா, வேறு எங்காவதா? பாதுகாப்பு முக்கியம்.
- பள்ளி ஆசிரியை, ஆர்.எஸ்.மங்கலம்

டீச்சர், காரங்காடு ரொம்ப நல்ல எடம், ஆனா அது படகுல போய் பாக்குற எடம், நடக்குற எடம் இல்ல. அலையாத்திக்குள்ள கால் வச்சா சேறு தான். ஒரு வகுப்புப் பிள்ளைங்கள மொத்தமா படகுல ஏத்துறதும் கஷ்டம்.

நடக்கணும்னா சக்கரக்கோட்டை கம்மாய்க்குப் போங்க, ராமநாதபுரம் டவுன ஒட்டியே இருக்கு, பறவைகள் சரணாலயம், 2025-ல ராம்சார் பட்டியல்லயும், அதாவது உலக அளவுல முக்கியமான ஈரநிலங்களோட பட்டியல்லயும் சேர்ந்துச்சு, நம்ம ஜில்லாவுல உள்ள தேர்த்தங்கல் சரணாலயமும் அதே வருஷம் தான். சித்திரங்குடி, காஞ்சிரங்குளம் சரணாலயம் ரெண்டும் 2022-லயே சேர்ந்திடுச்சு. கார்த்திகையில இருந்து மாசிக்குள்ள கம்மாயில தண்ணி இருக்கிற வருஷமா பாத்துப் போனா மஞ்சமூக்கு நாரை, கூழைக்கடா, அரிவாள்மூக்கன் எல்லாம் கண்ணு நெறய பாக்கலாம். முன்கூட்டியே வனத்துறை ஆபீஸ்ல சொல்லி எந்தக் கரையில எது வரைக்கும் போகலாம்னு கேட்டுக்கங்க, கூட ஒரு ஆளையும் அனுப்பச் சொல்லிக் கேளுங்க. கரை மேல ஒத்த வரிசையா நடக்க வைங்க, மழைக்கு அப்புறம் கரையில விரிசலும் வளையும் இருக்கும், பாம்பும் வெயில் காய வரும், முன்னாடி போற பெரியவங்க குச்சியால தரையத் தட்டிகிட்டே போகணும். வெள்ளைச் சட்டை வேண்டாம், பச்சை காக்கி மாதிரி மங்கலான கலர் போடச் சொல்லுங்க.

பிள்ளைங்களுக்கு ஒண்ணு காட்ட மறக்காதீங்க. இந்தப் பறவைங்க கூடு கட்டுறது கம்மாய்க்குள்ள நிக்கிற கருவ மரத்துல தான், நாட்டுக்கருவையிலயும் கட்டும் சீமக்கருவையிலயும் கட்டும். மேல திருப்பாலைக்குடிக்காரருக்கு பாதையோரத்துல வேரோட எடுங்கன்னு சொன்ன நானே இங்க தொடாதீங்கன்னு சொல்றேன். எந்த எடத்துல எந்த மரம் யாருக்கு வீடுன்னு பாத்துட்டுத் தான் அருவாள எடுக்கணும்.

தனுஷ்கோடிக்கே கூட்டிப்போகணும்னு பிள்ளைங்க அடம் பிடிச்சா, கோதண்டராமர் கோயில் பக்கம் உள்ள தேங்கின தண்ணியில பனிக்காலத்துல பூநாரை வரும். 2025 ஜூன்ல தனுஷ்கோடிப் பகுதிய பெரும் பூநாரை சரணாலயமாவே தமிழக அரசு அறிவிச்சிருக்கு. ரோட்டுல நின்னே பாக்கலாம், கிட்டப் போயி கைதட்டி பறக்க விட்டு போட்டோ எடுக்குறத மட்டும் பிள்ளைங்க யாரும் செய்யாமப் பாத்துக்கங்க, அத்தன தூரம் பறந்து வந்து இரை எடுக்குற ஜீவனுக்கு அது பெரிய கொடுமை.

கேள்வி: பள்ளி லீவுல சின்னப் புள்ளைங்களோட கடல் ஓரமா நிழல்ல நடக்க ஒரு எடம் சொல்லுங்க.
- வாசகி, சிவகங்கை

அரியமான். உச்சிப்புளிக்கும் மண்டபத்துக்கும் நடுவுல ரோட்ட விட்டு உள்ள போகணும், சவுக்கு மரம் இருக்கிறதால வெயில் தெரியாது. அது பாக் நீரிணைப் பக்கம், எங்க ஊர்க்காரங்க பெண் கடல்னு சொல்லுவாங்க, தெக்க மன்னார் வளைகுடாவ ஆண் கடல்னு சொல்லுவாங்க. சித்திரை வைகாசி லீவுல பெண் கடல் பக்கம் அலையே இல்லாத மாதிரி தான் கெடக்கும், கரையோரமா பிரப்பன்வலசை பக்கம் கொஞ்ச தூரம் நடந்துட்டு வரலாம். ஐப்பசிக்கு மேல வராதீங்க, வாடை வந்துட்டா இந்தக் கடலும் குணம் மாறிடும், கடல்புல்லு கரை முழுக்க குமிஞ்சு கெடக்கும், நடக்க வழுக்கும்.

தண்ணிக்குள்ள கால வச்சு நடக்குறப்ப புள்ளைங்கள காலத் தூக்கி வைக்காம தரையத் தேச்சுத் தேச்சு நடக்கச் சொல்லுங்க, மணலுக்குள்ள திருக்கை படுத்திருந்தா அது முன்கூட்டியே விலகிப் போயிடும். தப்பித் தவறி திருக்கை முள்ளு குத்திட்டா தாங்குற சூட்டுல வெந்நியில கால வச்சுகிட்டே ஆஸ்பத்திரிக்குப் போயிடுங்க. சொறி, அதாவது ஜெல்லி மீன், கரை ஒதுங்கிக் கெடந்தா, செத்தது தானேன்னு புள்ளைங்க தொடும், தொடவிடாதீங்க, செத்ததும் அரிக்கும்.

கேள்வி: ராமேஸ்வரத்துல கோயில்ல இருந்து கெந்தமாதன பர்வதம் வரைக்கும் வெறுங்காலோட நடக்க வேண்டுதல். வயசு 70. முடியுமா?
- வாசகர், காரைக்குடி

தாராளமா முடியும்யா, மூணு கிலோமீட்டருக்குள்ள தான். காலையில 8 மணிக்குள்ள போயிட்டு வந்துடுங்க, அதுக்கு மேல தார் ரோடு கொதிக்கும். கடைசியில கொஞ்சம் ஏத்தமும் படியும் இருக்கும், உக்காந்து உக்காந்து ஏறுங்க. திரும்பி வரும்போது ஆட்டோவுல வாங்க, வேண்டுதல் போறதுக்கு மட்டும் தானே.

கேள்வி: சாயல்குடியில இருந்து மூக்கையூர், மாரியூர், வாலிநோக்கம்னு கடல் ஓரமா சைக்கிள் ஓட்டுறேன். வாரம் தவறாம பஞ்சர். உப்பளத்து வரப்பு மேல ஓட்டினா முள்ளு இல்லாம இருக்குமேன்னு பாக்குறேன். செயின் வேற துருப்பிடிச்சு சத்தம் போடுது.
- வாசகர், சாயல்குடி

வரப்பு மேல ஓட்டவே ஓட்டாதீங்க. அது அவங்க வேலை செய்யுற எடம், வெயில்ல நின்னு மிதிச்சு மிதிச்சு கெட்டிப்படுத்தின மண்ணு, சைக்கிள் டயர் போட்ட தடத்துல ஒரு விரிசல் விட்டா பாத்தித் தண்ணி அடுத்த பாத்திக்குப் போயிடும், அவங்க நாள் கணக்கா காய வச்சது வீணாயிடும். வாலிநோக்கம் பக்கம் அரசாங்க உப்புக் கழகத்தோட உப்பளமும் இருக்கு, தனியார் உப்பளமும் இருக்கு, எதுவா இருந்தாலும் லாரி போற பாதையில மட்டும் போங்க, அதுவும் அங்க வேலை செய்யுறவங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு. மழை பெஞ்ச ரெண்டு மூணு நாளைக்கு அந்தப் பாதையும் சக்கரத்த உள்ள இழுக்கும். உச்சி வெயில்ல வெள்ளை உப்பு மேல பட்டு வர்ற கூசலுக்கு கண்ணாடி கட்டாயம்.

பஞ்சருக்கு வருவோம். ரோட்டுல வாகனம் போற தடம் இருக்குல்ல, அதுல ஓட்டுங்க, அங்க முள்ளு நசுங்கியிருக்கும், நிழலுக்காக கருவை ஓரத்துல ஒதுங்கினா தான் டயர்ல ஏறும். ஆட்டுக்கு வெட்டிப்போட்ட கிளைய இழுத்துட்டுப் போன எடம், வேலி அடைச்ச எடம் பாத்தா எறங்கித் தூக்கிகிட்டு தாண்டுங்க. மெல்லிசு ரேசிங் டயர் இந்தப் பக்கத்துக்கு ஆகாது, அகலமான டயர் போட்டு டயருக்கும் டியூபுக்கும் நடுவுல லைனர் வைங்க, பழைய டியூப நீளமா அறுத்து உள்ள வச்சாலும் பாதி முள்ளு நின்னுடும். டியூபுக்குள்ள ஊத்துற பஞ்சர் பசை கருவ முள்ளுக்கு நல்லாவே கேக்கும். முள்ளு ஏறிட்டது தெரிஞ்சா வழியில புடுங்காதீங்க, பசை இல்லாத டியூபா இருந்தா முள்ளே அடைப்பா இருந்து கொஞ்ச தூரம் காத்த புடிச்சு வைக்கும், பஞ்சர் ஒட்டுற எடத்துக்குப் போயி எடுங்க. ஒட்டினப்புறம் டயர் உள்பக்கத்த துணியால தடவிப் பாருங்க, ஒடைஞ்ச முள்ளு நுனி டயர்லயே இருந்தா அடுத்த நாளும் அதே எடத்துல குத்தும், வாரம் தவறாம பஞ்சர்னு நீங்க சொல்றதுக்கு பாதிக் காரணம் அது தான்னு நெனைக்கிறேன்.

செயின் துரு உப்புக்காத்தால வர்றது. நம்ம பக்கம் நல்ல தண்ணிக்கே அலையுறப்ப வாளி வாளியா ஊத்திக் கழுவச் சொல்ல மாட்டேன். ஓட்டிட்டு வந்ததும் ஒரு ஈரத்துணியால செயின், ஸ்போக்ஸ், பிரேக் கட்டை எல்லாத்தையும் ஒரு தடவ துடைங்க, அப்புறம் காஞ்ச துணியால துடைச்சுட்டு செயினுக்கு மட்டும் சொட்டு சொட்டா எண்ணெய் விட்டு மிச்சத்த வழிச்சு எடுத்துடுங்க. எண்ணெய் ஜாஸ்தியானா மணல் ஒட்டி செயின அறுக்கும். தேங்காய் எண்ணெய் வேண்டாம், தையல் மெஷின் எண்ணெயே போதும்.